பின்னணியில் ஓடுபவன்

அண்ணன் இறந்து ஐந்து மாதமாகிறது. அண்ணி அவனுடைய மடிக்கணினியை முந்தாநாள்தான் திறந்திருக்கிறாள். திரை வெள்ளையாகவே நின்றிருக்கிறது. காலையில் அதைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தினமும் இதுலதான் என்னமோ எழுதுவார். எல்லாம் போயிடுச்சா?"

"இருங்க அண்ணி, பாக்கறேன்."

தங்கைக்கும் நிரல் எழுதுவதுதான் பிழைப்பு. நாட்குறிப்புக்கென்று அண்ணன் தன் கையால் எழுதிய பக்கம் அது, பிரௌசருக்குள்ளேயே ஓடும். பக்கத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வொர்க்கர், அதாவது துணை நிரல். தகவல்களை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. திரையைத் தொட அதற்கு அனுமதி இல்லை, செய்தி மட்டும் அனுப்பலாம். அதற்குத் தேவையான டேட்டாபேஸ் லைப்ரரி, தகவல்களைச் சேமித்து எடுக்கும் ஆயத்த நிரல், இணையத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தளமே இப்போது இல்லை.

லைப்ரரியின் புதிய பதிப்பை வேறிடத்திலிருந்து இறக்கிப் போட்டாள். அது திரையைத் தேடி, கிடைக்காமல், பிழை காட்டி நின்றது. அண்ணனோடு சேர்ந்து செய்த பழைய வேலை ஒன்றில் அதே பழைய பதிப்பு கிடந்தது. அதைக் கணினியிலேயே வைத்து, அங்கிருந்தே எடுக்கும்படி வொர்க்கரின் முதல் வரியை மட்டும் மாற்றினாள்.

வொர்க்கர் அதை ஏற்றிக்கொண்டது. அடுத்த நொடி, ஐந்து மாதமாகத் தேங்கிக்கிடந்த நினைவூட்டல்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று எழும்பின.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படி."

"அண்ணியைக் கண் டாக்டரிடம் அனுப்பு. தானாகப் போகமாட்டாள்... வாசல் பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல். நான் இல்லாவிட்டால் முரட்டுத்தனமாகத் திருப்புவாள்..."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இல்லாவிட்டாலா? எப்ப எழுதினது?"

எல்லாவற்றிலும் எழுதிய தேதி ஒன்றுதான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "வெறும் வாயுத் தொல்லை" என்று அவன் சிரித்த செவ்வாய்க்கிழமை. தங்கை அந்த நாளின் குறிப்பைத் திறந்தாள். ஒரே வரி.

'தங்கச்சியிடமாவது சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். மீட்டிங்காம்.'

அன்று அவளுக்கு மீட்டிங் எதுவும் இல்லை. அவன் பேச ஆரம்பித்தால் விடமாட்டான் என்று அவள் சொன்ன சாக்கு அது. விரல் தானாக அந்த வரியை மேலே தள்ளி மறைத்தது.

"என்னமோ இருந்துச்சே, போயிடுச்சு?" அண்ணி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல? யார்கிட்டயுமே சொல்லலயா?"

தங்கை அந்தக் குறிப்பை மூடினாள். திரையின் மூலையில் இன்றைக்கு வரும்படி அண்ணன் அன்றே குறித்துவைத்த நினைவூட்டல் பெட்டி ஒன்று மெல்ல எழும்பி, இருவருக்கும் நடுவே வெளிச்சமாக நின்றது.