தாடி வைத்த கள்ளன்

மூன்றாவது ஊசிக்கு வரமாட்டேன் என்று ஸித்தி லெய்லா மீன் சுரண்டிக்கொண்டே சொன்னாள். கறிக்கு உப்புப் போதும் என்பதைப் போலத்தான் சொன்னாள். மகன் அம்ஜத் மாஸ்க்கும் போட்டு, த்ரீவீல் ஆட்டோவும் பிடித்து வந்து நின்றான். உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கொரோனாவின் புது வகை குறிஞ்சிப்பிட்டி ஊருக்குள் வந்து வீடு வீடாகப் பாய் விரித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மிச்சம் உம்மா ஒருத்திதான்.

"உன்ட வாப்பா ரெண்டும் போட்டவர் தானே?"

போட்டவர்தான். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவள் புருஷன் மீரா முகைதீன் மாஸ்க்கை நாடிக்கு இறக்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார். இனி நோய்தான் தன்னைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊரில் ஒரு கலியாணத்தையும் விடவில்லை. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஐந்தாறு பேரோடு குந்தி, எதிரில் இருந்தவன் பக்கத்து இறைச்சியையும் தன் பக்கம் இழுத்துத் தின்றார். நோய் ஒதுங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் ஏறிப் போனவரைப் பெட்டியில் மூடி, கொரோனாவில் இறந்தவர்களுக்கு ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள்.

அம்ஜத் டியூஷனில் உயிரியல் படிப்பிக்கிறவன். வாசற்படியில் குந்திக்கொண்டான்.

"ஊசி போட்டா ரத்தத்துல காவல்காரன் உண்டாவான் உம்மா. பிறபொருளெதிரி எண்டு பேரு."

"பேரே வாயில நுழையல்ல. அவன் எங்க காவல் காக்குற?"

"கொரோனாக் கள்ளன்ட முகத்த அவனுக்குக் காட்டி வச்சிருக்கு. கண்ட உடனே பாஞ்சு புடிப்பான். இப்ப கள்ளன் தாடி வச்சிட்டு வாறான். அதான் ஏமாறுறான்."

"தாடியக் கண்டு ஹாஜியார் எண்டு ஸலாம் சொல்லி உள்ள விட்டிருப்பான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரும் ஏமாற மாட்டாங்க. கொஞ்சப் பேர் மூக்கப் பாத்தே புடிப்பாங்க. ஆனா நாள் போகப் போக ஆள் கொறையும். மூணாவதப் போட்டா ஆள் கூடும், மாறின முகமும் கொஞ்சம் பழகும். கள்ளன் உள்ள வந்தாலும் வீட்டக் கொளுத்த விடாம மறிக்க வேற ஆக்களும் இரிக்கிறாங்க."

"அப்ப வாப்பாட வீட்ட எப்புடிக் கொளுத்தினான்?"

வயது, சீனி, நெஞ்சு வருத்தம் என்று வகுப்பில் சொல்ல ஒரு பதில் இருந்தது. அதை வகுப்புக்கே விட்டுவிட்டான். "காவல் எண்டா காவல் தான் உம்மா. சத்தியம் பண்ண ஏலா."

மீன் சுரண்டிய கத்தி நின்றது.

"முகம் முகம் எண்டு சொல்றாய். உன்ட வாப்பாட முகத்த நான் பாத்தனா? மையத்தக் குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, கடைசியா முகத்தத் தொறந்து காட்டுவாங்க. எனக்குப் போன்ல பெட்டி போற ஒரு லொறியக் காட்டினாங்க. அதுக்குத்தான் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இத்தா இருந்தன். உள்ள இருந்தது வேற ஆள் எண்டா?"

அம்ஜத்தும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. மீன் சட்டியை நெருங்கிய பூனையைக் கையால் விலக்கினான்.

"நீங்களும் அப்புடிப் போனா, நான் யார்ட முகத்தப் பாக்குற?"

ஸித்தி லெய்லா எழுந்து கையைக் கழுவினாள். கிட்ட வந்து, அவனுடைய மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள். ஈரக் கையால் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, புருவத்துத் தழும்பு, மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெளியே த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அவள் பார்வை இன்னும் அவனுடைய உதட்டுக்கு வரவில்லை.