இல்லாத வேலைக்கு வந்த வெண்டி

ரொட்டித் தொழிற்சாலையை மூடியபோது லின்சிக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷம் அங்கே உழைத்தவள். கடைசி ஏழு வருஷம் பொட்டலம் கட்டும் பிரிவில் மேற்பார்வை. நாற்பது பேரில் யாருக்கு எந்த ஷிஃப்ட் ஒத்துவரும், யாரை யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, யார் வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண், ஆள் எடுக்கும் வேலைக்கே போனால் என்ன என்று யோசனை சொன்னாள். அப்படித்தான் ஹல் நகரத்தில் ஒரு கம்பளக் கடையின் மாடியில் இருந்த, ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் லின்சி பயிற்சி ஊழியராகச் சேர்ந்தாள்.

அங்கிருந்த எட்டுப் பேரில் அவள்தான் மூத்தவள். மேலாளர் ஜோர்டனுக்கு இருபத்தேழு வயது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. தன் முறை வரும்போது எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைப்பான். ஆனால் வாயைத் திறந்தால் எண்ணிக்கைதான். ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு, எட்டுப் புதுப் பெயர், இரண்டு நேர்காணல். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அன்றன்றைய கணக்கு ஏறும். லின்சியின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வெள்ளையாகவே கிடந்தது.

விடியற்காலை ஐந்தரைக்கே அவள் வேலை தொடங்கிவிடும். ஆறரைக்கு மீன் பதப்படுத்தும் ஆலைக்குப் போக வேண்டியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, எழுந்தாயிற்றா, கிளம்பியாயிற்றா என்று கேட்க வேண்டும். ஒருவன் எடுக்க மாட்டான். இன்னொருவனுக்கு வயிற்று வலி. அந்த இடத்துக்கு வேறொருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் அவளுக்குத் தொண்டை காய்ந்து, காது சுட்டுப்போகும். வீட்டுக்குப் போனதும் தன் அக்காவின் அழைப்பைக்கூட எடுக்காமல் மணி அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவாள்.

மூன்றாவது வாரம் ஜோர்டன் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து இணையத்தில் போடச் சொன்னான். கேரவன் வண்டிகளின் உதிரிபாகக் கிடங்கில் அலுவலக உதவியாளர். திங்கள் முதல் வெள்ளி, ஒன்பது முதல் நாலு. உட்கார்ந்து பார்க்கிற வேலை, முன்அனுபவம் தேவையில்லை. எந்த நிறுவனம் என்று லின்சி கேட்டாள். இப்போதைக்கு வெளியே சொல்லக் கூடாது, பின்னால் சொல்கிறேன் என்றான். சாயங்காலத்துக்குள் தொண்ணூறு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

அந்தத் தொண்ணூறில் ஒருத்தி வெண்டி டிரான்மர். ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் ஆறு வருஷமாக வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக ஏஜென்சிக்கு வந்திருந்தாள். விரல்கள் சிவந்து உப்பியிருந்தன. நாற்காலியில் உட்காரும்போது ஒரு கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதி பாதியாக இறங்கி உட்கார்ந்தாள். முதுகில் வட்டு விலகியிருக்கிறதாம். கணினி தெரியுமா என்று கேட்டதற்கு, நூலகத்தில் இலவச வகுப்புக்குப் போய் எட்டு வாரம் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

லின்சிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தொழிற்சாலையில் தன்னோடு நின்ற பெண்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"உங்கள மாதிரி ஒருத்தரைத்தான் அவங்க தேடுறாங்க, வெண்டி. நான் பாத்துக்கறேன், விடுங்க."

வெண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது புதன்கிழமை. அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு வெண்டி மறுபடி வந்து நின்றாள். இஸ்திரி போட்ட சட்டை, புதுக் காலணி, கையில் ஒரு தகர டப்பா. உள்ளே வீட்டில் சுட்ட இஞ்சி கேக். வெள்ளிக்கிழமை ஆலையில் அவளை ஈரத்துணி வண்டி தள்ளும் இடத்துக்கு மாற்றினார்களாம். முதுகு தாங்காது என்று சொல்லியும் கேட்கவில்லையாம். எனக்கு வேறு வேலை கிடைத்தாயிற்று என்று சொல்லி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிட்டாளாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

லின்சி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தேநீர் போடும் சிற்றறையில் நின்ற ஜோர்டனிடம் போனாள். அந்தக் கிடங்கு எந்த நிறுவனத்துடையது, இப்போதே சொல் என்றாள்.

ஜோர்டன் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அப்படி ஒரு கிடங்கே இல்ல, லின்சி. நம்ம பட்டியல்ல ஆள் சேரணும்ல. உட்கார்ந்த வேலைன்னு போட்டாத்தான் வருவாங்க. வந்தப்புறம் மீன் ஆலைக்குப் பேசி அனுப்பணும். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

"அந்த அம்மா இருந்த வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க."

அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு குழாயை மூடினான். "நான் வேலையை விடச் சொல்லலையே. நீங்க சொன்னீங்களா?"

கிடங்கில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவருக்கே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்றான் அவன்.

அவள் அதையே போய்ச் சொன்னாள். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். வெண்டி கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தால் அவர்களுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும், அது நியாயம்தான் என்றாள். பிறகு டப்பாவை லின்சி பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க வச்சுக்கோங்க கண்ணு. எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்களோ."

பதினொரு மணிக்குள் அலுவலகத்தில் எல்லோரும் கேக்கைத் தின்று தீர்த்துவிட்டார்கள். நல்ல பதம் என்றான் ஒருவன். லின்சி தொடவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பஸ் பிடித்துச் சலவை ஆலைக்குப் போனாள். என்ன பேசப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. சக்கர வண்டிகளில் ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மேற்பார்வையாளர் டெனிஸ் ஒல்லியான பெண். நெற்றி முழுக்க வியர்வை, கழுத்தில் ஒரு துண்டு. வெண்டி விட்டுப்போனது தன் தவறால்தான், அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று லின்சி ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்.

டெனிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெண்டி நல்ல வேலைக்காரி என்பதை ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆறு பேர் வராததால் கோபத்தில் தானும் கத்திவிட்டதாகச் சொன்னாள். ஆனால் ராஜினாமா கணினியில் ஏறிவிட்டது. இந்த வருஷம் நேரடியாக ஒருவரைக்கூட எடுக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்தின் உத்தரவு.

"ஏஜென்சி ஆளா வந்தா நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றாள். பிறகு ஏதோ தோன்றியவளாக, "நீங்க ஏஜென்சிதானம்மா? இப்ப எங்களுக்கு ஆள் அனுப்பறவன் அனுப்பறது ஒண்ணும் அரை நாள்கூட நிக்கறதில்ல. வெண்டியோட சேத்து அஞ்சு பேர் தருவீங்களா?" என்று கேட்டாள்.

தருகிறேன் என்றாள் லின்சி. ஆனால் வெண்டியைத் துணி மடிக்கும் மேசையில்தான் போட வேண்டும், ஈர வண்டிப் பக்கம் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். முடிந்தவரை என்றாள் டெனிஸ்.

அங்கிருந்து அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. விண்ணப்பத்தில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு வெண்டியின் வீட்டுக்குப் போனாள். வெண்டி சமையலறையில் பழைய சட்டையோடு இருந்தாள். காலணி அதன் அட்டைப் பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது. லின்சி உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அப்படி ஒரு கிடங்கு இல்லை என்பதையும், காலையில் சொன்னது பொய் என்பதையும்.

வெண்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப என் பேப்பரை அங்க யாரும் பாக்கவே இல்லையா?"

"நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க." அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க? காலையில சொன்னதையே நம்பிட்டுக் கெடந்திருப்பேனே. எனக்கு முன்னாடி ஒரு ஆள் இருந்துச்சு, அதனால கிடைக்கலன்னு நெனச்சிருப்பேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்ல லின்சி வாயெடுத்தாள். அது தன் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பதுதான் என்று பட்டதால் சொல்லவில்லை. சலவை ஆலை விஷயத்தைச் சொன்னாள். அதே இடம், அதே மேசை, ஆனால் இனி ஏஜென்சி ஆள். வாரா வாரம் வேலை உண்டா இல்லையா என்று ஏஜென்சிதான் சொல்லும். வெண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லின்சி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஏஜென்சிப் படிவத்தை முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை.

லின்சி அலுவலகத்துக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் ஜோர்டன் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பித்தளை மணியை அடித்தான். புது வாடிக்கையாளர் கிடைத்தால் அடிக்கிற மணி. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரே நாளில் ஐந்து இடம். பயிற்சியில் இருப்பவர் யாரும் இப்படிக் கொண்டுவந்ததில்லை என்றான் அவன். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். இனி அந்த மாதிரி விளம்பரத்தை நான் போட மாட்டேன் என்று லின்சி சொன்னாள். சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்றான். அவனே போட்டும் வந்தான். அவள் மேசைக்கு வரும் பெயர்களில் பாதி அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவைதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை இப்போது இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர், வேறென்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வெண்டியை அழைத்து, அந்த வார வேலையை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. வெண்டி எடுப்பாள். "வர்றேன்" என்பாள். வைத்துவிடுவாள். மடிக்கும் மேசையில்தானே விடுகிறார்கள் என்று ஒருமுறை லின்சி கேட்டாள். பெரும்பாலும் என்று பதில் வந்தது.

நாலு மாதம் கழித்து டெனிஸுக்கு மேலிடத்து அனுமதி கிடைத்தது. வெண்டியை நேரடியாக எடுத்துக்கொண்டார்கள், முதல் நாள் வேலைக்குச் சேர்பவளாக. பழைய ஆறு வருஷம் எந்த ஏட்டிலும் இல்லாமல் போயிற்று. அதே வாரம் லின்சியின் வேலையும் நிரந்தரமாயிற்று. பெயர் அட்டையில் இருந்த பயிற்சி என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு, அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் வெண்டியின் பெயர் இல்லை. லின்சி அதற்கடுத்த எண்ணை அழுத்தினாள். முப்பத்தோரு பேரிடம் பேசி முடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறிய பிறகும் எழுந்திருக்காமல் இருந்தாள்.