காட்சிப் பெட்டியின் பின்கதவு

ரயிலின் கடைசியில், பயணிகள் வெளியே வேடிக்கை பார்ப்பதற்கென்றே இருந்த காட்சிப் பெட்டியில் கொடிக்காரன் எம்மெட் ரஸ்க் ஓர் ஓரமாக உட்காரலாம். பயணிகளோடு அரட்டை அடிக்கக் கூடாது. ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பனி கொட்டிய அந்த மத்தியானம், வளைந்த கண்ணாடிச் சுவரோரம் காபியும் கையுமாக அவன் வயதான பயணி திருமதி டிரேயரின் பேச்சில் சொக்கிப்போயிருந்தான்.

"எனக்குக் கல்யாணமான புதுசுல இந்தக் கண்ணாடியெல்லாம் ஏதுப்பா? பின்னாடி திறந்த பால்கனிதான், பித்தளைக் கம்பி போட்டது. நானும் அவரும் வழி நெடுக அங்கேயே நின்னோம். இறங்கும்போது என் வெள்ளைத் தொப்பி கரிச்சட்டியாட்டம் ஆயிடுச்சு!"

வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் ஒருமுறை நீளமாகவும் மூன்று முறை குட்டையாகவும் ஊதியது. கொடிக்காரன் உடனே இறங்கிப் பின்னால் ஓடி, அடுத்து வரும் வண்டியை நிறுத்த வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெட்டிப் பணியாளர் கிளீவ்லண்ட் பெட்வே நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெட்டியில் இருந்த ஒரே கறுப்பர் அவர்.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க, மிஸ்டர் ரஸ்க்."

"காது கேக்குதுப்பா எனக்கு."

"அந்தத் தொப்பியை எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார்னு கேட்டுட்டுப் போயேன்" என்றாள் கிழவி.

வெளியே எலும்பைக் குடையும் குளிர். எம்மெட் கேட்டுவிட்டே போனான்.

தண்டவாளத்தில் அவன் கொஞ்ச தூரம்கூட ஓடியிருக்கமாட்டான். பனிக்குள்ளிருந்து சரக்கு ரயிலின் விளக்கு எழுந்து வந்தது. கொடியை வீசிக் கத்தினான். டிரைவர் பிரேக்கைப் போட்டும், சறுக்கிக்கொண்டே வந்த இன்ஜின் கண்ணாடிச் சுவரை நொறுக்கிவிட்டுத்தான் நின்றது. விளக்கைப் பார்த்ததுமே பெட்வே பயணிகளை முன்பெட்டிக்கு விரட்டியிருந்தார். கடைசியாகத் திருமதி டிரேயரைத் தூக்கிக்கொண்டு வரும்போது இருவரும் விழுந்தார்கள். அவளுக்குக் கால் உடைந்தது. அவர் முதுகெல்லாம் கண்ணாடி கிழித்திருந்தது.

விசாரணையில் எம்மெட்டிடம், "இறங்க ஏன் தாமதம்?" என்று கேட்டார்கள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவன் போகவில்லை. வாய்க்கு வந்துவிட்டது. "பின்கதவு பூட்டியிருந்துச்சு சார். பணியாளர் சாவியைத் தேடிக்கிட்டிருந்தார்."

பெட்வேயைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கிழவிக்கோ விபத்தன்று நடந்த எதுவுமே நினைவில் தங்கவில்லை.

எம்மெட் வேலைக்குப் போய்வந்தான். ஆனால் எந்த வண்டியானாலும் பின்கதவில் கை வைக்கும்போது அந்தப் பொய்தான் நினைவுக்கு வந்தது. கதவு ஒவ்வொரு முறையும் லேசாகத் திறந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு, ஒமாஹா நகரில் பெட்வேயின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

பெட்வே அவனை உள்ளே கூப்பிடவில்லை. இந்தமுறை 'மிஸ்டர்' போடவும் இல்லை.

"என்ன விஷயம்?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன். கதவு... கதவு பூட்டியே இல்ல."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே! தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என் வேலை போயிடும்."

பெட்வே கதவைப் பாதி சாத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "யாருங்க வாசல்ல?"

"யாரோ வழி கேட்டு வந்திருக்கார். சொல்லிட்டேன். போயிடுவார்."

மறுநாள் காலை எம்மெட் மேலதிகாரியின் முன்னால் நின்று, காபி குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சாயங்காலத்துக்குள் வேலை போனது. அதன் பிறகு ஒரு தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினான்.

பெட்வேயைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். நொறுங்கிய பெட்டியைச் சரிசெய்யாமல் கழித்துக்கட்டிவிட்டதால், சாப்பாட்டுப் பெட்டியில் போட்டார்கள். வசந்தகாலத்தில் ஒருநாள் ஸ்டேஷன் நடைமேடையில் எம்மெட் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். பெட்வேயும் பார்த்தார். இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள எம்மெட்டுக்குக் கை வரவில்லை.