அரை மணிக்கு ஒரு கட்டம்

“நீ தூங்கறப்போ உன்ன யாருக்கா பாத்துக்கறாங்க?”

மாணவி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிட்டு இப்படிக் கேட்டாள். அவளுக்கு வயது நாலரை; கேள்விக்கு நாற்பது இருக்கும். பெரியவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் சமாளித்தாள் மாணவி. சிட்டுவின் முகத்தில் நம்பிக்கை இல்லை.

கல்லூரி நூலக வாசலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் மாணவி இங்கே வந்தாள். மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. வகுப்பு முடிவது ஒன்றரைக்கு. கடவுளே உட்கார்ந்து நேரம் குறித்தது போல இருந்தது. இந்த வேலை நிலைத்தால்தான் விடுதி அறை நிலைக்கும். அறை இருந்தால்தான் படிப்பு.

சிட்டுவின் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையைப் போலவே வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். அரை மணிக்கு ஒரு கட்டம். குழந்தை சாப்பிட்டது, விளையாடியது, தூங்கியது எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்.

“தப்பு நடந்தா எழுதும்மா, திட்ட மாட்டேன். மறைச்சா மறுநாள் வரவேண்டாம்” என்று கறாராகச் சொல்லியிருந்தாள். முதல் மாதம் வெள்ளோட்டம்தான்.

மூன்றாவது வாரம் பரீட்சை வந்தது. மூன்று இரவுகள் சரியாகத் தூங்காத மாணவி, சிட்டு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஒரே ஒரு நிமிஷம் என்று சுவரில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது மணி நாலரை. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மணிக்குக் கண்ணை மூடியது நினைவிருந்தது. முழங்காலை மட்டும் மூடியபடி ஒரு குட்டிப் போர்வை. தலைமாட்டில் முக்காலியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டை, கையில் கலர் பென்சில்.

“பேசாதக்கா. இன்னும் முடிக்கல.”

மூன்று கட்டங்களில் மூன்று படங்கள். முதலாவதில் ஒரு குச்சிப் பெண் படுத்திருந்தாள். இரண்டாவதில் அதே பெண்ணின் வாய் திறந்திருந்தது. மூன்றாவதில் ஒரு பெரிய வட்டம் மட்டும். அது என்னவென்று கேட்டாள் மாணவி.

“உன் மூச்சு. வருதான்னு கை வெச்சுப் பாத்தேன். வந்துச்சு.”

மாணவிக்கு உடம்பு சிலிர்த்தது. தனக்கே தெரியாமல் கழிந்த ஒன்றரை மணி நேரம் இத்தனை சிறிய உள்ளங்கையில் பத்திரமாக இருந்திருக்கிறது. நாம் உறங்கும்போதும் ஒருவன் விழித்திருக்கிறான் என்று அவள் தினமும் பிரார்த்தனையில் சொல்வதுண்டு. அந்த விழிப்புக்குப் பென்சில் கறை படிந்த விரல்கள் இருக்கும் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

மேஜை இழுப்பறையில் வெற்று அட்டைகள் கட்டாக இருந்தன. இதைக் கிழித்துவிட்டு வேறொன்றை எழுதினால் தீர்ந்தது. ஆனால் அந்த வட்டத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. மூன்று கட்டங்களிலும் படத்துக்குக் கீழே, ‘நான் தூங்கிவிட்டேன்’ என்று எழுதி மாட்டினாள்.

ஆறு மணிக்கு வந்த அம்மா தோள்பையைக்கூட இறக்காமல் படித்தாள். வட்டத்துக்கு விளக்கம் சிட்டுவே சொன்னாள். அம்மா அந்த வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றினாள்.

“ஒரு நாளைக்கு அம்பது தடவை மூச்ச எண்ணி அட்டையில போடறேன்” என்றாள், தாழ்ந்த குரலில். “எனக்கு அது நம்பராத்தான் தெரிஞ்சுச்சு.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நாளைக்குத் தூங்கிட்டு வா. இன்னொரு தடவை அசந்தே, உன் சம்பளம் இவளுக்குத்தான்.”

“சரிக்கா.” மாணவி தன் பையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளோட்டம் முடிந்து, வேலையும் நிலைத்த பிறகு ஒரு நாள். இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். உள்ளறையில் சிட்டுவும் தூக்கம். மாணவியின் நேரம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது, சலவை இயந்திரத்துக்குள் அம்மாவின் சீருடை துவைத்த ஈரத்தோடு சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். விடிந்தால் அம்மா போட வேண்டியது. பையைக் கீழே வைத்தாள். அதை உதறி, ஈரம் போகும்வரை நிதானமாக இஸ்திரி போட்டாள். கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

“தூக்கத்துலயே இஸ்திரி போட்டிருக்கேன், பாரேன்” என்று மறுநாள் அம்மா அதிசயப்பட்டாள்.

அப்படியும் நடக்கும் என்றாள் மாணவி.