வெர்னா அத்தையின் குளியல் தொட்டி

கப்பல் பயணிகளின் இணையக் குழுவில் கேபினில் குளிக்கத் தொட்டியா ஷவரா என்று பல மாதங்களாக ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. என் அத்தை வெர்னா தொட்டிக் கட்சி. தாம்பாவில் இருக்கும் கிளெண்டா ஷவர் கட்சி. நேரில் பார்த்தே இராத இருவரும் பழைய தம்பதிபோல் தினமும் சண்டை போட்டார்கள். அத்தை கப்பலின் வரைபடத்தை அலசி, தொட்டி உள்ள கேபினாகவே பிடித்தாள்.

ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பிய பிறகுதான் தொட்டியைப் பார்த்தோம். அந்தக் குளியலறையில் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். தொட்டியும் அதே ஜாதகம். அத்தை உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது.

"இதுல நாய்க்குட்டி குளிக்கலாம்," என்றார் ஓடிஸ் மாமா.

"நாளைக்குக் கேபின் சுற்று. மொதல்ல இங்கதான் வர்றாங்க. கிளெண்டா பாத்தா என் மானம் போச்சு."

கேபின் சுற்று என்பது, அதே கப்பலில் வந்திருக்கும் குழுவினர் கூட்டமாகப் போய் ஒருவர் அறையை ஒருவர் பார்ப்பது. பெண் பார்ப்பது மாதிரிதான், குளியலறையை.

காலையில் அத்தை நீச்சலுடையோடு தொட்டியில் உட்கார்ந்து, மோவாய்வரை நுரையை நிரப்பிக்கொண்டாள். அடியில் கால் நீண்டிருக்கிறதா மடங்கியிருக்கிறதா, யார் கண்டது?

கூட்டம் வந்தது. குளியலறை வாசலில் தலைகள் மட்டும் தெரிந்தன. முன்னால் கிளெண்டா.

"கால் நீட்ட முடியுதா வெர்னா?"

"நீட்டினா போயிக்கிட்டே இருக்கு. எங்க முடியுதுன்னே தெரியல."

அப்போது கப்பல் சாய்ந்தது. நுரை மொத்தமும் வழிந்து கிளெண்டாவின் செருப்பில் விழுந்தது. அத்தையின் முழங்கால்கள் இரண்டு தீவுகளாக வெளியே வந்தன.

கிளெண்டா செருப்பைக் கழற்றினாள்.

"வெந்நீரா?"

"ஆமா."

"கொஞ்சம் நகரு."

"எங்கடி நகர்றது, இதுல?"

கிளெண்டா விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் ஷவர்ல அசைஞ்சா திரை வந்து கட்டிப்பிடிக்குது. காலைத் தேய்க்கக் குனிஞ்சேன், தலை கதவுக்கு வெளிய போயிடுச்சு."

"இதைக் குழுவுல எழுதுவியா?"

"எழுதுறேன். கட்சி மாறிட்டேன்னே எழுதுறேன். ஆனா காலுக்கு மட்டும்தான்."

"கால் போதும்," என்றாள் அத்தை.

கேபின் சுற்று அடுத்த கேபினுக்குப் போகவே இல்லை. எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் வரிசை கட்டினார்கள். ஓடிஸ் மாமா வரிசையைக் கவனித்தார். வெந்நீர்க் குழாய் என் பொறுப்பு. அத்தை மதியம்வரை தொட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜெயித்தவள் ஏன் எழுந்திருக்க வேண்டும்? எழுந்திருக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.