மூப்பர் ஜெபம்

ஒன்பது இருபதுக்கு அவள் கணவரின் டையை மூன்றாவது முறையாக அவிழ்த்தாள். முடிச்சு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. ஒன்பது வருடம், ஞாயிறுதோறும், இதே கண்ணாடி முன்னால் அவர் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தது கைக்கு வரவில்லை.

"பதினோரு மணிக்கு வீட்டு ஜெபத்துக்குப் பாஸ்டர் வராருக்கா," என்றான் தம்பி. அறை வாசலிலேயே நின்றான். "டை எதுக்கு? சட்டை போதாதா?"

"ஞாயித்துக்கிழமை கட்டுவார்டா."

"இன்னைக்கு வியாழன்."

அவள் டையை நீவிப் படுக்கையில் வைத்தாள். தம்பி கட்டிலில் கிடந்த உடலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். அவன் சபையின் செயலாளர். கல்லறைத் தோட்டத்தின் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

"நாலு மணிக்கு அடக்கம். குழி வெட்டியாச்சு. உன் பேரும் அத்தான் பேரும் சேர்த்து எழுதின இடம்தான். கமிட்டில ரெண்டு பேர் முறைச்சாங்க. பாஸ்டர்தான் பேசி முடிச்சார்."

"தெரியும்."

"அவர் மட்டும் இல்லன்னா இன்னைக்கு ஊர் சுடுகாட்டுலதான் இடம் தேடணும்."

அவன் போனதும் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு இளைஞர்கள். நாற்பது நிமிடம் கதவிடுக்கு வழியாக அவரோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். மேலே போக வழி காட்டப் போனவர், தானும் மேலே போக வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று தம்பி அன்றைக்குச் சிரித்தான். ஆறு மாதத்தில் அவர் அந்த இளைஞர்களின் மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். அதற்குப் பிறகு தம்பி சிரிக்கவில்லை. இந்த வீட்டு ஹாலைத் தாண்டி உள்ளே வரவுமில்லை.

அவள் தன் சபையிலேயே இருந்தாள். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு இருவரும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டுவார்கள். தெருமுனையில் அவர் இடப்பக்கம் திரும்புவார், அவள் வலப்பக்கம். சாவு பிரிக்கும்வரை என்று கல்யாணத்தில் நாம் சொன்னது போதாது, அங்கே அதற்கு அப்பாலும் சேர்த்து வைப்பார்கள், ஒருமுறை வாயேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "முப்பது வருஷம் பத்தாதா உங்களுக்கு?" என்பாள். அவள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மண்ணு போடறதுக்கு முன்னாடி எங்க மூப்பர் ஒருத்தர் குழிகிட்ட நின்னு ஜெபம் பண்ணட்டும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அவள் சரி என்றாள். அது செவ்வாய்க்கிழமை. நேற்று மதியம் போய்விட்டார்.

இன்று காலை ஆறு மணிக்குப் போதகருக்குப் போன் செய்தாள். "ஐயா, அவருக்கு ஒரே ஒரு ஆசை. மண்ணு போடறதுக்கு முன்னாடி மூப்பர் ஒருத்தர் ஜெபம் பண்ணணும்னார்."



"மூப்பர் வேணும்னு அவரே கேட்டாரா?" குரல் இளகியிருந்தது. "தாராளமா பண்ணலாம்மா. நம்ம மூத்த மூப்பரையே சொல்றேன். கடைசி நேரத்துல ஆண்டவர் அவரைத் திருப்பிக் கொண்டுவந்துட்டார். அந்தக் கூட்டத்து ஆளுங்க வந்தா ஓரமா நிக்கட்டும். வாய் மட்டும் திறக்கக் கூடாது. அதை நான் அனுமதிக்க முடியாது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவரின் சபையில் தலையில் கை வைத்து நியமிக்கப்பட்ட எந்த ஆணும் மூப்பர். லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்த இருவரும்கூட மூப்பர்கள்தான். மீசை முளைக்காத மூப்பர்கள் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். அவள் சபையில் மூப்பர் என்றால் முன்பெஞ்சில் உட்காரும் ஆறு நரைத்த தலைகள்.

இல்லை ஐயா, நான் சொன்னது அவங்க மூப்பரை, என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சரிங்க ஐயா" என்றுதான் வந்தது.

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். கணவருடைய சபைக்காரர், அவருக்கு நெருங்கிய நண்பர். ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர் டையைப் பார்த்தார். அவள் மறுபடியும் கட்டிப் பார்த்திருந்தாள்.

"யார் கட்டினது?"

"நான்தான்."

"தூக்கு மாட்டின மாதிரி இருக்கே." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலில் பேச்சு நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் டையைத் தன் கழுத்தில் கட்டி, தளர்த்தி, தலைவழியே கழற்றினார். அவள் தலையணையிலிருந்து கணவரின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அவர் மாட்டி, முடிச்சை மேலே ஏற்றினார். நேராக நின்றது.

"நாலு மணிக்கு நீங்கதானே ஜெபம் பண்ணணும்," என்றாள்.

"ஆமாக்கா. ரெண்டே நிமிஷம். இந்த இடத்தைப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு ஆண்டவர்கிட்ட கேப்போம், அவ்வளவுதான். உங்க பாஸ்டர் ஒத்துக்கிட்டாரா?"

அவள் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். "மூப்பர் ஜெபம் பண்ணலாம்னு சொன்னார்."

"நல்ல மனுஷன்க்கா." அவர் கண் கலங்கியது. "போன வருஷம் எங்க சபைத் தச்சர் ஒருத்தரோட உடலை வச்சுக்கிட்டு மூணு கல்லறைல ஏறி இறங்கினோம். நீங்க கிறிஸ்தவங்களே இல்லன்னு கேட்லயே சொல்லிட்டாங்க. நான் உங்க பாஸ்டர்கிட்ட போய் ஒரு நன்றி சொல்லிடறேன்."

"வேண்டாம்." சத்தமாகவே சொல்லிவிட்டாள். "எல்லாம் முடியட்டும். அப்புறம் சொல்லலாம்."

பதினோரு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. போதகர் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். மூத்த மூப்பர் அவர் அருகே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எண்பது வயது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எலக்ட்ரீஷியன் செருப்பு கிடக்கும் இடத்தில் கை கட்டி நின்றார்.

"நம்ம சகோதரர் வழி மாறிப் போனார். நாம மறைக்க வேண்டாம்," என்றார் போதகர். "ஆனா கடைசில என்ன கேட்டார்? மூப்பரைக் கூப்பிடுங்கன்னு கேட்டார்."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. தலைமையாசிரியர் தலையைக் குனிந்தார். செருப்புகளின் பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியனும் நன்றியோடு தலையசைத்தார். இரண்டு தலையசைப்பையும் அவள் பார்த்தாள். பெட்டிக்குள் இருந்த முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

பிறகு டீ கொடுத்தார்கள். சமையலறையில் சித்தி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாள்.

"நாலு பொண்டாட்டி கட்டற கூட்டமாமே."

"அதெல்லாம் அந்தக் காலத்துல. இப்ப கிடையாதாம்."

"நானே மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். இருக்கற ஒருத்திக்கே பதில் சொல்ல முடியல சித்தி, நீங்க வேறன்னார்." சித்தி சிரித்து, சிரிப்பு முடியும் முன்பே அழத் தொடங்கினாள்.

தம்பி உள்ளே வந்தான். அடுப்பு வரை வந்திருந்தான். வந்துவிட்டது அவனுக்கே தெரியவில்லை.

"அந்த ஹெல்மெட் ஆளு யாருக்கா? டீ கொடுத்தா அத்தான் மாதிரியே தண்ணி போதுங்கறான். அவங்க ஆளா?"

"ஆமா."

"நாலு மணி வரைக்கும் இருப்பானா?"

"உன் அத்தானுக்கு நண்பர்டா."

"இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல." டம்ளரை எடுத்தவன் குடிக்கவில்லை. "அவங்களும் இயேசுன்னுதான் சொல்றாங்கன்னு நீ அப்போ சொன்னே. பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணா? பைபிள் தவிர இன்னொரு புஸ்தகம் வச்சிருக்கான். செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கறான். எனக்கு அவங்க மேல கோவம் இல்லக்கா. பயம். அத்தான் போற இடம் எங்கன்னு பயம்."

சித்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"ஒன்பது வருஷம் ராத்திரி முழங்கால் போட்டேன்," என்றான். "இன்னைக்குப் பாஸ்டர் அதைச் சொன்னப்போ அங்கேயே மறுபடி முழங்கால் போடணும்போல இருந்துச்சு. கேட்டுட்டார் பாரு. கடைசில கேட்டுட்டார்."

அவன் முகம் சின்ன வயது முகம் மாதிரி இருந்தது.

"தம்பி," என்றாள்.

"என்னக்கா?"

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திருகினாள். நிற்கவில்லை. இன்னும் இறுக்கித் திருகினாள்.

"வேன் எத்தனை மணிக்கு?"

"மூணேகால்."

நாலு மணிக்குக் கல்லறையில் காற்றில்லை. தம்பி கேட்டைத் திறந்துவிட்டான். நாற்பது பேர் இருக்கும். பெட்டியை இறக்கிவிட்டுக் கயிற்றை உருவினார்கள். குழி வெட்டியவர் மண்வெட்டியைக் குவியலில் குத்திவிட்டு ஒதுங்கி நின்றார். போதகர் வாசித்தார். அவள் ஒரு வரியையும் கேட்கவில்லை. அவர் புத்தகத்தில் எத்தனை பக்கம் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு. இரண்டு. புத்தகம் மூடியது.

"சகோதரரோட விருப்பப்படி இப்ப மூப்பர் ஜெபிப்பார்."

தலைமையாசிரியர் கைத்தடியை ஊன்றிக் குழியின் தலைமாட்டுக்கு வந்தார். அதே நேரம் கால்மாட்டில் எலக்ட்ரீஷியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இருவரும் கண்ணை மூடினார்கள். இருவரும் ஒரே நேரத்தில், "எங்கள் பரம பிதாவே," என்றார்கள்.

இருவரும் கண் திறந்தார்கள்.

யாரோ இருமினார்கள். தலைமையாசிரியர் எதிரே வெள்ளைச் சட்டையும் டையுமாக நின்றவரைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் போதகரைப் பார்த்தார். போதகர் அவளைப் பார்த்தார்.

"அம்மா, இவர் யாரு?"

"மூப்பர்," என்றாள்.

"எந்தச் சபைக்கு?"

தம்பி அவள் பக்கத்தில் நின்றான். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"அவர் சபைக்கு. அவர் கேட்டது இவங்க மூப்பரைத்தான், ஐயா. காலைல நான் சரியாச் சொல்லல. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது தெரிஞ்சும் சொல்லல." நிறுத்தாமல் சொன்னாள். "அவர் திரும்பி வரல. அப்படியேதான் போனார். இவர்கிட்டயும் நான் உண்மையைச் சொல்லல. இவர் மேல தப்பில்ல."

"அக்கா," என்றான் தம்பி.

போதகர் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்தார். "நான் கமிட்டிக்கு வாக்கு கொடுத்திருக்கேம்மா. இதை எப்படி நான்..."

"நான் போயிடறேன்க்கா," என்றார் எலக்ட்ரீஷியன் மெதுவாக. "இன்னொரு நாள் வந்து கேட்டுக்கு வெளியே நின்னுகூடப் பண்ணிக்கலாம். சண்டை வேண்டாம்."

"மண்ணு போடறதுக்கு முன்னாடின்னார்," என்றாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எனக்குக் காலைலேர்ந்து தொண்டை கட்டியிருக்கு," என்றார். வகுப்பறைக்குப் பழகிய குரல் தெளிவாகவே வந்தது. "இன்னைக்கு என்னால முடியாது, பாஸ்டர்."

கைத்தடியை ஊன்றி இரண்டடி பின்னால் போய் நின்றார்.

போதகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, சுவரோரம் இருந்த மரம்வரை நடந்தார். கேட்டுக்குப் போகவில்லை. மரத்தைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐந்தாறு பேர் அவர் பின்னால் போனார்கள். சித்தி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் சின்னக் குரலில் ஜெபித்தார். தடுமாறினார். இந்த நிலத்தை இவருக்காக அர்ப்பணிக்கிறேன் என்றார். மழையும் மனிதரும் தொந்தரவு செய்யாமல், உயிர்த்தெழும் காலைவரை இந்த உடல் இங்கே பத்திரமாக இருக்கட்டும் என்றார். பக்கத்தில் இடம் வைத்திருக்கும் இவர் மனைவிக்கு ஆறுதல் கொடும் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்."

ஒரு குரலும் எழவில்லை. மரத்தடியில் இருந்தவர்கள் அசையவில்லை. குழியைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் கண்ணைத் திறக்காமல் நின்றார்.

"ஆமென்," என்றாள் அவள். காற்றில்லாத இடத்தில் அது மிகச் சத்தமாகக் கேட்டது.

தம்பி குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுச் சாவி அவன் விரல்களுக்கு நடுவே திரும்பித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"நீயும் சொல்லுடா."