செருப்புக்குச் சர்க்கரை

சங்கரவடிவின் இடது செருப்புக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் இதயவேந்தன் கண்டுபிடித்துவிட்டார். ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்றார். செருப்பு பயப்படவில்லை.

சுண்ணாம்புக்காரன்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமைதோறும் சர்க்கரைக்குப் பார்ப்பார்கள். விடிந்ததும் வந்து செருப்பையோ பையையோ செங்கல்லையோ வரிசையில் போட்டுவிட்டு, மதில் நிழலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது பேட்டையின் வழக்கம். வரிசையில் ஆளே நிற்பதைக் கொஞ்சம் கேவலமாக நினைப்பார்கள். சங்கரவடிவின் முறை வந்து டாக்டர் நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் இருந்தது செருப்பு. அதற்கு வைத்தியம் பார்த்தார். படித்தவர் அல்லவா, எதிரில் இருப்பதைத்தானே பார்ப்பார்.

புண் இருந்தது சங்கரவடிவின் இடது கால் கட்டைவிரலில். காலையில் தூக்குப்பாத்திரத்தோடு தெருத்தெருவாக நடந்து இடியாப்பம் விற்கிறவள் அவள். விரல் போனால் நடை போகும். நடை போனால் பிழைப்பும் போகும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

"சார், புண்ணு எனக்கு," என்றாள்.

"நீங்க யாரு?"

"அந்தச் செருப்பு என்னுதுதான் சார்."

"கூட வந்தவங்களா? வெளிய இருங்கம்மா. பேஷண்ட்டைப் பேச விடுங்க."

செருப்பு பேசவில்லை.

"பாத்தீங்களா, என்ன ஒத்துழைப்பு," என்று டாக்டர் நர்ஸ் ஜெபராணியிடம் சொன்னார். "குறுக்கப் பேசல. போன்ல படிச்சேன்னு சொல்லல. எல்லாரும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

சங்கரவடிவு வெளியே வந்தாள். வைத்தியம் முடிந்து வெளியே வந்த செருப்பை எடுத்துக் காலில் மாட்டப் போனாள். ஜெபராணி ஓடி வந்தாள்.

"யக்கா! பேஷண்ட் மேலயா ஏறி நிக்கீங்க? மனுசிதானா நீங்க?"

இடது கால் வெறுங்காலாக நின்றாள். செருப்பைக் கையில் ஏந்திக்கொள்ளச் சொன்னார்கள். ஏந்திக்கொண்டாள்.

மதில் நிழலில் இசக்கித்தாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மஞ்சள் பைக்கு ஏழாம் மாதம். சுகாதார நிலையத்திலேயே பைக்கு வளைகாப்பு நடந்து, காதுகள் இரண்டிலும் கண்ணாடி வளையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். சத்துமாவையும் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

"ஒனக்குப் பாத்தாங்களாட்டி?" என்று சங்கரவடிவு கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? பையை நல்லாப் பாக்காங்கக்கா. கொறையே சொல்ல முடியாது."

அவள் உதடு வெளுத்திருந்தது. முகத்தில் அப்படியொரு திருப்தி. இந்தப் பேட்டைக்காரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சங்கரவடிவுக்கு விளங்கவில்லை. மூக்கைப் பிடித்து உள்ளே தள்ளினால் உள்ளே போவார்கள். வெளியே தள்ளினால் வெளியே நின்று கைதட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் தம் செங்கல்லுக்கு இலவச மூக்குக்கண்ணாடி கிடைத்ததைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அதைத் துழாவித் துழாவித்தான் காட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை செருப்புக்கு உடற்பயிற்சி என்றார்கள். அந்த அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. சர்க்கரைக்கு நடப்பது நல்லது என்பதால் நடைவழி வாராவாரம் நீளும். சங்கரவடிவு செருப்பை ஏந்திக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்க அறை தள்ளிப் போனது. வழியில் கொத்தனார்கள் புதுத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லி குத்தியது. கட்டைவிரல் விண்விண் என்று தெறித்தது.

"வெறுங்கால்ல நடக்காதீங்க, காலுக்கு ஆகாது" என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு காலின் படம். படத்தில் செருப்பு இருந்தது.

உடற்பயிற்சிக்கு அப்புறம் மனநல ஆலோசனை. ஆலோசகி கதவைச் சாத்திக்கொண்டு செருப்போடு வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்பத் தனிமைல இருக்கு," என்றாள். "எதுவுமே சொல்ல மாட்டேங்குது. வலது செருப்பையும் கூடவே வைங்க. ரெண்டையும் பிரிக்காதீங்க."

"அப்ப நான் எதைப் போட்டு நடக்க?"

"நீங்க உங்களைப் பத்தியே பேசுறீங்க. கவனிச்சீங்களா?"

சங்கரவடிவு கவனித்தாள். எரிச்சலில் காது சுட்டது. வலது செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜெபராணி வீட்டுக்கே வந்தாள். நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி வரும் சேவை அது. செருப்பு நடந்து யாரும் பார்த்ததில்லை, ஆகவே அதற்குத் தகுதி இருந்தது. கட்டிலில் செருப்பைக் கிடத்தி, மருந்து தடவி, வெள்ளைத் துணி சுற்றினாள். மாத்திரையை வாருக்கு அடியில் செருகினாள். செருப்பு விழுங்கும்வரை காத்திருந்தாள். விழுங்கியது.

"ஜெபராணி, இத்தனூண்டு துணி தாயேன். வெரலு கறுத்துப் போச்சு பாரு."

ஜெபராணி குனிந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மாறியது. அப்புறம் சரியாகிவிட்டது.

"பாவமாத்தான் இருக்குக்கா. ஆனா கூட இருக்குறவங்களுக்குத் துணி கெடையாது. கூட இருக்குறவங்களுக்குன்னு பாராட்டுதான் இருக்கு." பாராட்டிவிட்டுப் போனாள்.

இந்தக் கூட்டத்தோடு மாரடித்துப் பயனில்லை என்று சங்கரவடிவு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே முதல் அறையில் டாக்டர் இதயவேந்தனே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது அறையிலும் அவரே.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் இரண்டாவது ஆள். "பேஷண்ட் வீட்ல தனியாவா இருக்காங்க?"

திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை விடியலில் ஒரு முடிவோடு கிளம்பினாள். வரிசையில் எதையும் போடவில்லை. தானே நின்றாள். முன்னால் ஒரு ஈயச்சட்டி, பின்னால் ஒரு குடை. மதில் நிழலில் சலசலப்பு எழுந்தது.

"ஆளே வந்து நிக்கா பாரேன்."

"எடம் புடிக்க ஒரு செங்கல்லு கூடவா கெடைக்கல?"

"நாலு பேரு பாப்பாங்களேன்னு ஒரு கூச்சம் வேண்டாம்?"

இசக்கித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் காறித் துப்பாத குறை. இவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நிற்கிறோம் என்று சங்கரவடிவு முந்தைய இரவு கொஞ்சம் நினைத்திருந்தாள். அந்த நினைப்பை அங்கேயே விட்டொழித்தாள்.

வரிசை நகரும்போதெல்லாம் காவலாளி ஆவுடையப்பன் சாமான்களைக் காலால் தள்ளி முன்னே விடுவார். சட்டியைத் தள்ளினார். சங்கரவடிவையும் தள்ளினார்.

"அண்ணாச்சி, நான் ஆளு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார். கெட்ட மனிதர் இல்லை. மெல்லத்தான் தள்ளினார்.

உள்ளே டாக்டர் அவளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காலைத் தூக்கி விரலைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். சங்கரவடிவு காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். இந்த ஆளையா இத்தனை நாள் திட்டினோம் என்று ஒரு நிமிஷம் இளகினாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

"இது யாரோடது?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்தச் செருப்போடது சார்," என்றார் ஆவுடையப்பன். "எடம் புடிக்க வச்சிருக்கு."

மேசைக்கு எதிரே நாற்காலியில் செருப்புகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. இடது செருப்பு பளபளவென்று இருந்தது. டாக்டர் அதன் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கஷ்டமான விஷயம்தான். புண்ணு முத்திப் போச்சு. முன்னாலயே காட்டியிருக்கணும். வெறுங்கால்ல வேற நடக்க விட்டிருக்கீங்க. கட்டைவிரலை எடுத்துட வேண்டியதுதான். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் இல்ல சார்!" என்று சங்கரவடிவு கத்தினாள். "மருந்து போட்டா ஆறும் சார். நான் நடக்கணும் சார். நடந்தாத்தான் சோறு."

"சாமானெல்லாம் சத்தம் போடுது, பாருங்க," என்று டாக்டர் ஜெபராணியிடம் வருத்தப்பட்டார். மறுபடி செருப்பைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அவசரமே இல்ல."

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். சங்கரவடிவும் பார்த்தாள். எத்தனை வருஷம் காலில் போட்டு நடந்திருக்கிறாள். மழையில் அது நனையாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். வார் அறுந்தபோது ஊசி வாங்கித் தானே தைத்திருக்கிறாள்.

"சொல்லேன்," என்றாள்.

செருப்பு வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

"சம்மதிச்சிட்டாங்க," என்றார் டாக்டர். "எப்பவுமே நல்ல ஒத்துழைப்பு."

ஜெபராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலை சுத்தமாக முடிந்தது. குறை சொல்ல முடியாது. துணியும் தாராளமாகச் சுற்றினார்கள். செருப்புக்குப் பூரண குணம், இனி காலில் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்.

சங்கரவடிவு வாசலில் நின்று போட்டாள். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் சும்மா நின்றது. ஓரடி எடுத்து வைத்தாள். இடது செருப்பு கழன்று முன்னால் போய் விழுந்தது. எட்டி மாட்டிக்கொண்டு இன்னோரடி வைத்தாள். அது மறுபடியும் முன்னால் போனது.

மதில் நிழலில் எல்லோரும் எழுந்து செருப்புக்கு வழிவிட்டார்கள்.

"அதான் பேஷண்ட் முன்னால போறாங்கல்லா," என்றார் ஆவுடையப்பன். "கூட வந்தவங்க பின்னால போங்கம்மா."

சங்கரவடிவு நொண்டிக்கொண்டே பின்னால் போனாள்.